கப்பலில் எந்தப் பக்கம் தலை

யுத்தம் முடிந்து, சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல்கள் மறுபடி ஒழுங்காகப் போகத் தொடங்கிய பிறகு, நானும் குழந்தைகளும் புறப்பட்டு வரலாம் என்று என் கணவர் சொல்லியனுப்பினார். அவர் அங்கே ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கர். மூன்றாவது பிரசவத்துக்காக நான் மயிலாப்பூரில் என் அண்ணா வீட்டுக்கு வந்திருந்தபோது ஜப்பான்காரர்கள் அங்கே வந்துவிட்டார்கள். அவர் அந்தக் கரையிலும் நாங்கள் இந்தக் கரையிலுமாக நின்றுபோனோம். அந்தப் பிரசவத்தில் பிறந்த பெண்ணுக்கு இப்போது ஐந்து வயது தாண்டியிருந்தது. அவளுக்கு அப்பா என்றால் கூடத்தில் மாட்டியிருந்த போட்டோதான். மூத்தவளுக்குப் பதின்மூன்று. இருவருக்கும் நடுவில் பையன். அந்த ஆவணியில் அவனுக்குப் பத்து முடிந்திருந்தது.

பினாங்குக்குப் போகிறோம் என்றதும் அதிகம் குதித்தவன் அவன்தான். அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியின் மேல் உட்கார்ந்து கடற்கரைச் சாலையில் போனது மட்டும் அவனுக்கு நினைவிருந்தது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அந்த சைக்கிள் இன்னும் இருக்கிறதா, ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டு போயிருப்பானா என்று நாள்தோறும் என்னைக் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? இருக்கும் என்றே சொல்லிவந்தேன்.

அவனிடம் ஒரு தொந்தரவு இருந்தது. தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவான். அப்பாவிடமிருந்து கடிதம் நின்றுபோன வருஷத்தில் தொடங்கிய வழக்கம். என் மன்னி எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்துப் பார்த்தாள். கச்சேரி சாலை டாக்டர், தானாக நிற்கும், திட்டாதீர்கள் என்றார். திட்டவில்லை. பாயின் மேல் மெழுகுத் துணி, அதன் மேல் பழைய வேஷ்டி, காலையில் கிணற்றடியில் ஒரு அலசல் என்று வீட்டு வேலைகளில் ஒன்றாக அதை வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவன் வைத்திருந்த கவனம் எனக்கே வேதனையாக இருக்கும். தியாகராய நகரில் மன்னியின் தங்கை பிள்ளைக்குப் பூணூல் நடந்தபோது, மற்ற பையன்கள் எல்லாம் ஜமக்காளத்தில் உருண்டு தூங்க, இவன் மட்டும் தூணில் சாய்ந்து விடியும்வரை கண் விழித்து உட்கார்ந்திருந்தான்.

ஆகவே கப்பலில் எங்கள் நால்வருக்கும் ஒரே அறை வேண்டும். எனக்கு வேறு எந்த வசதியும் முக்கியமாகப் படவில்லை.

இடம் பதிய அண்ணாதான் போனார். அவர் உயர்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியர். துறைமுகத்துக்கு எதிரே இருந்த கப்பல் ஆபீசுக்குப் பெண்கள் வந்து நிற்க வேண்டாம் என்று என்னை வீட்டிலேயே விட்டுவிட்டார். மாலையில் கோட்டைக் கழற்றும்போதே அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது.

"எல்லாம் முடிச்சுட்டேன். நல்ல வேளை, நானே போனேன். வடக்கே தலை வைக்காம தப்பிச்சோம்."

எனக்குப் புரியவில்லை. "நாலு பேருக்கும் ஒரே காபின் கிடைக்கலையா அண்ணா?"

"கிடைச்சது. வேண்டாம்னுட்டேன். நாலு கட்டிலுக்கும் தலைமாடு நேரா வடக்கே பார்த்து இருக்கு. சுவத்துல கப்பல் படம் மாட்டியிருக்கான், நானே கிட்டப் போய்ப் பார்த்தேன். அத்தனை நாள் குழந்தைகளை வடக்கே தலை வெச்சுப் படுக்க விடுவேனா?" கால் அலம்பிக்கொண்டு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து தொடர்ந்தார். "பிரயாணத்துல மேற்கே தலை வெச்சுக்கணும்னு பெரியவா சொல்லியிருக்கா. அதுக்குத் தோதா இடது பக்கத்துல இடம் இருந்தது. உனக்கும் பொண்களுக்கும் லேடீஸ் காபின்ல மூணு பெர்த். நாலாவதுல யாரோ ஒரு அம்மா வராளாம். பையனுக்கு ரெண்டு கதவு தள்ளி ஆம்பளைகள் காபின்ல மேல் பெர்த். எல்லாருக்கும் தலை மேற்கே."

"அவன் எங்களோடயே இருக்க முடியாதா?"

"பத்து முடிஞ்சுடுத்தே. பத்து முடிஞ்ச பையனை லேடீஸ் காபின்ல விடமாட்டானாம். கம்பெனி ரூல்."

பையன் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பெரியவள் சும்மா இருந்திருக்கலாம்.

"மேல் பெர்த்தா? அப்போ கீழ் பெர்த்துல படுக்கறவர் குடை எடுத்துண்டு வரணும்!"

சின்னவள் அர்த்தம் தெரியாமலே கைகொட்டிச் சிரித்தாள். நான் பெரியவளை அதட்டினேன். அதற்குள் பையன் கொல்லைப்புறம் போய்விட்டான்.

பிறகு அண்ணாவிடம் தனியாகச் சொன்னேன். "அவனுக்கு அந்தத் தொந்தரவு இருக்கே அண்ணா."

"சமுத்திரக் காத்துல எல்லாம் சரியாப் போயிடும். நாலு ஆம்பளைகளோட இருந்தாத்தான் கூச்சம் தெளியும்," என்றார். அவருக்குக் குழந்தைகளிடம் இருந்த பிரியத்தை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. ஐந்து வருஷம் எங்களைச் சுமந்தவர். அவர் முடித்துவிட்டு வந்த காரியத்தை மாற்று என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

மறுநாளிலிருந்து பையன் சாயங்காலத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். ரசம்கூட வேண்டாம் என்றான். அதனால் ஒன்றும் பயனில்லை. காலையில் மெழுகுத் துணி நனைந்துதான் இருந்தது. அந்த வாரத்துக்குள் ஒரு காலை, நான் கிணற்றடியில் வேஷ்டியை அலசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா, நான் வரலை. மாமாவோட இருந்து இங்கேயே படிக்கறேன். நீங்க மூணு பேரும் போங்கோ."

"சைக்கிள்?" என்று கேட்டேன்.

"அது எனக்கு இப்போ சின்னதா இருக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

எதையும் ஒழுங்குபடுத்திப் பார்த்தால் வழி தெரியும் என்பது என் சுபாவம். அந்தச் சனிக்கிழமை காலை கூடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு, அண்ணா கப்பல் ஆபீசிலிருந்து வாங்கிவந்த படத்தை எடுத்தேன். அச்சடித்த ஒரு தாள். அறைகளின் நீள அகலம் அதில் அடிக்கணக்கில் போட்டிருந்தது. தையல் டேப்பால் அளந்து, கோலமாவினால் எங்கள் பெண்கள் அறையை அதே அளவில் தரையில் இழுத்தேன். இரண்டு பெஞ்சுகள் கீழ்க் கட்டில்கள். ஊஞ்சல் மேல் கட்டில். டிரங்குப் பெட்டியையும் படுக்கைச் சுருளையும் அதனதன் இடத்தில் வைத்தேன். இவ்வளவும் வைத்த பிறகு, அந்த நாலாவது அம்மாவின் மனசும் நன்றாக இருந்தால், தரையில் ஒரு பையன் படுக்க இடம் மிஞ்சுமா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மன்னி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி இது? கோடா இழுத்து வெச்சிருக்கே, ஒரு புள்ளியைக் காணோம்!"

"இது காபின் மன்னி."

"இதுக்குள்ளயா நாலு பேர்? நம்மாத்து ஸ்டோர் ரூம் பெரிசு!"

பெரியவள் ஊஞ்சலில் ஏறிப் படுத்து, ஒரு காலால் சுவரை உந்தி, "ஐயோ, அலை, அலை!" என்று ஆடினாள். சின்னவள் அவளுக்குக் கீழே பெஞ்சில் படுத்து வாந்தி எடுப்பதுபோல் பாசாங்கு செய்தாள். அண்ணா சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பையனுக்கு இடம் மிஞ்சவில்லை. டிரங்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

அதுவரை அந்தப் பக்கமே வராத பையன் தூணருகே வந்து நின்றான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான்.

"அம்மா, கப்பலுக்கு மூக்கு எந்தப் பக்கம்?"

"வாசல் பக்கம்," என்றேன். எங்கள் வீட்டுக்கு வடக்குப் பார்த்த வாசல். படத்தில் மேலே இருப்பது மூக்கு, மேலே என்றால் வடக்கு என்று அண்ணா சொன்னபடி வரைந்திருந்தேன்.

"அப்போ கப்பல் ராயப்பேட்டைக்குன்னா போறது!"

பெரியவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கினான். "பினாங்கு அந்தப் பக்கம்மா. சமுத்திரம் இருக்கற பக்கம்." சாந்தோம் இருக்கும் திசையை, எங்கள் வீட்டின் கிழக்குச் சுவரைக் காட்டினான். தாளைத் தரையில் போட்டு, கப்பலின் மூக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்படி திருப்பினான். "இப்படித்தானே போகும்? இப்போ பாரு. இடது பக்கம் தலைமாடு எங்கே இருக்கு?"

எல்லோரும் பார்த்தோம். அது வாசலைப் பார்த்து இருந்தது.

ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டு நின்றது. அண்ணா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். குனிந்து தாளைப் பார்த்தார். அலமாரியிலிருந்து அட்லாஸை எடுத்து வந்து, சென்னையில் விரலை வைத்து, கடலின் குறுக்கே மெதுவாக நகர்த்தினார்.

"கிழக்கு," என்றார். "கொஞ்சம் தென்கிழக்கு." பிறகு தமக்குத் தாமே, "இடது கைப் பக்கம்…"

"வடக்கு," என்றேன் நான்.

மேலே வடக்கு, கீழே தெற்கு என்று வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவர், கப்பல் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த படத்தையும் அப்படியே படித்துவிட்டார். கப்பல் என்பது திரும்பும், அதற்கென்று நிலையான வடக்கு கிடையாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. வடக்கே தலை வைக்கக் கூடாது என்று ஒதுக்கிவிட்டு வந்த குடும்ப அறைதான் கடலில் கிழக்கே தலை வைத்திருக்கும். தேடிப் பிடித்த மேற்கு, வடக்காக முடிந்தது.

மன்னி சமையலறையிலிருந்தே கேட்டாள். "ஏன்னா, பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் சொல்லித்தரேளா?"

அண்ணா கோட்டை மாட்டிக்கொண்டார். "சனிக்கிழமை மத்தியானத்தோட மூடிடுவான். கிளம்பு."

"நானுமா?"

"நீயும் வா. அவனும் வரட்டும்."

டிராமில் பையன் அண்ணாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தான். ராயப்பேட்டை வந்ததும் அண்ணா அவன் தோளைத் தட்டி, "நீ சொன்னது சரிதாண்டா. பினாங்குக்கு இந்த வழியாத்தான் போகணும் போலிருக்கு," என்றார். பையன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிக்கிறான் என்று அவன் காது அசைந்ததிலிருந்து தெரிந்தது.

கப்பல் ஆபீஸ் வாசலில் இருந்த பியூன் அண்ணாவை அடையாளம் கண்டுகொண்டான். "இன்னா சார், அன்னிக்கே எல்லாம் முட்சிக்கினு போனீங்களே? மறுபடியும் இன்னா?"

"திசை மாறிடுத்துப்பா," என்றார் அண்ணா.

கவுண்ட்டரில் இருந்த குமாஸ்தா இளவயதுக்காரர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். "அந்த காபின் நேத்து போயிடுச்சு சார். நீங்க வேணாம்னீங்க, இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துட்டோம்."

பையன் என் கையைப் பிடித்திருந்தான். அவன் விரல்கள் இறுகின.

"வேற இல்லையா?" என்று அண்ணா கேட்டார்.

குமாஸ்தா தயங்கினார். "நாலு பெர்த் இன்னும் ஒண்ணு இருக்கு. ஆனா நான் சிபாரிசு பண்ணமாட்டேன். கீழ்த் தளம், உள்பக்கம். ஜன்னல் கிடையாது. புழுக்கம். அடுத்த அறை சமையல்கட்டு. மீன், கறி எல்லாம் அங்கதான். நீங்க இருக்கற ஆசாரத்துக்கு…"

அண்ணாவின் முகம் மாறியது. இருந்தாலும் சுவருக்குப் போனார். இந்த முறை படத்தை நேராகப் பார்க்கவில்லை. கழுத்தை இடது பக்கம் சாய்த்து, கப்பலின் மூக்கைக் கிழக்காக வைத்துக்கொண்டு பார்த்தார். பியூன் அவரைப் பார்த்துவிட்டு, தானும் கழுத்தைச் சாய்த்து அதே படத்தைப் பார்த்தான். அண்ணா திரும்பிவந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீன் வாசனை போகட்டும். கற்பூரம் எடுத்துண்டு போகலாம். ஆனா நாலு கட்டிலுக்கும் தலைமாடு இடது பக்கம். அதுவும் வடக்குதான்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "தெரிஞ்சே எப்படி? வேண்டாம். முன்னாடி போட்டதே இருக்கட்டும். அதுலயும் வடக்குதான், ஆனா ஜன்னலாவது இருக்கு."

பையன் என் கையை விட்டுவிட்டான். தள்ளிப் போய், கவுண்ட்டரின் ஓரத்தில் மரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான். மாமாவோடு மயிலாப்பூரில் இருந்துவிடுவது என்று அவன் அப்போதே முடிவு செய்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

அதுவரை நான் அந்த ஆபீசில் வாய் திறக்கவில்லை. குமாஸ்தாவைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன் சார், அந்தக் கட்டில்ல தலையணையை ஆணி அடிச்சு வெச்சிருக்கேளா?"

"இல்லம்மா, தனியாத்தான் இருக்கும்."

"அதை எடுத்துக் கால்மாட்டுப் பக்கம் போட்டுண்டா கம்பெனி ஏதாவது சொல்லுமா?"

குமாஸ்தா என்னையும் அண்ணாவையும் மாறி மாறிப் பார்த்தார். "காலை எந்தப் பக்கம் நீட்டறதுன்னு எங்க கம்பெனியில ரூல் கிடையாதும்மா."

பியூன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

அண்ணா மறுபடி சுவருக்குப் போனார். கழுத்தைச் சாய்த்தார். கையை நீட்டி, காற்றில் ஒரு தலையணையை எடுத்து மறுபக்கம் வைப்பதுபோல் வைத்துப் பார்த்தார். "தெற்கே தலை," என்று முணுமுணுத்தார். "பேஷா வெச்சுக்கலாம்." திரும்பி வந்து, "நாலு பெர்த்தையும் எழுதுங்கோ," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "இதை அன்னிக்கே நீ சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு நீ என்னைக் கேக்கலையே அண்ணா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆபீசை விட்டு வெளியே வந்ததும் நல்ல வெயில். முனையில் சோடாக் கடை இருந்தது. அண்ணா எங்கேயும் கை நனைக்காதவர். அன்று கடை முன்னால் நின்றார். "என்னடா, குடிக்கறயா?" பையன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். கோலியைத் தட்டியதும் சோடா பொங்கி வழிந்தது. அவன் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து, மூக்கில் ஏறி இருமியபடி, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தான். பிறகு, "மாமா, இன்னொண்ணு," என்றான். வாங்கிக் கொடுத்தார்.

குமாஸ்தா சொன்னதில் மிகை இல்லை. அந்த அறை அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அண்ணா கொடுத்த கற்பூரம் மீன் வாசனையோடு சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாசனையை உண்டாக்கியதே தவிர எதையும் போக்கவில்லை. பையனுக்குக் கதவோரக் கீழ்க் கட்டில். பெரியவள் அவனுக்கு நேர் மேலே படுத்துக்கொண்டாள். அதை அவளே கேட்டு வாங்கினாள். நாங்கள் நால்வரும் தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்ததைப் பார்த்த கப்பல் சிப்பந்தி, தினமும் அறையைச் சுத்தம் செய்யும்போது அவற்றைப் பழையபடி வைத்துவிட்டுப் போவார். நாங்கள் தினமும் மாற்றுவோம்.

வழியில் இரண்டு காலைகள் அவன் விரிப்பு நனைந்திருந்தது. முதல் தடவை சிப்பந்தி கதவைத் தட்டியபோது எனக்கு முன்னால் பெரியவள் எழுந்து, விரிப்பைச் சுருட்டி அவர் கையில் கொடுத்து, "கூஜா கவிழ்ந்துடுத்து," என்றாள். இரண்டாம் தடவையும் அதையே சொன்னாள். "கூஜாவை மாத்துங்க பாப்பா, அது ஓட்டைக் கூஜா," என்றார் அவர். பையன் சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அந்த விஷயத்தை வைத்து அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஜன்னல் இல்லாததால் விடிந்தது எங்களுக்குத் தெரியாது. அவன்தான் எழுந்து மேல் தளத்துக்கு ஓடி, சூரியன் கப்பலின் எந்தப் பக்கத்தில் எழுகிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்வான். "நேரா மூக்குல இருக்கும்மா. தலை தெற்கேதான், கவலைப்படாதே." கடைசி நாளில் வந்து, "கப்பல் திரும்பிடுத்து. இனிமே யாரும் தூங்க வேண்டாம், கரை தெரியறது," என்றான்.

பினாங்குத் துறைமுகத்தில் அவர் இளைத்து, முன்தலை வழுக்கையாகி நின்றிருந்தார். நான் முதலில் வேறு யாரையோ பார்த்துக் கையசைத்தேன். சின்னவள் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். சைக்கிளை அவர் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தார். வர்ணம் போய், ஹாண்டில் துருவேறி, பழைய சைக்கிளேதான்.

"பிரயாணம் சௌகரியமா இருந்ததா?" என்று அவர் பையனைக் கேட்டார்.

"எல்லாரும் ஒரே காபின்ல இருந்தோம்பா," என்றான். முன்கம்பியை ஒரு முறை கையால் தடவிப் பார்த்தான். பிறகு, அதற்குத் தான் வளர்ந்துவிட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தான்.